உனக்கு மூக்காக இருந்தவள்

இன்று காலை என் மருமகள் பால் பாத்திரத்தை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "அத்தே, நேத்து வாங்கின பாலு. பனீருக்கு எடுக்கலாமான்னு மோந்து பாருங்க" என்றாள். புரட்டாசி பிறந்து நாலு நாள் ஆகிறது. இந்த வீட்டில் ஒரு மாதத்துக்குக் கவுச்சி கிடையாது, அதனால் பனீர். அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். எனக்குத்தான் அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை. நல்லா இருக்கு, எடு என்று சொல்லிவிட்டுப் பின்பக்க பால்கனியில் போய் நின்றுகொண்டேன். அங்கிருந்து பார்த்தால் எதிர் பிளாக்கில் உன் சமையலறை ஜன்னல் தெரியும். யாரோ குடிவந்து கொசுவலை அடித்திருக்கிறார்கள்.

உனக்கு வாசனை தெரியாது என்ற விஷயம் இந்த உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். இரண்டு வருடம் அதை மூடி மறைத்தேன். உன் மகளிடம் மறைத்தேன், கடைசியில் டாக்டரிடமும் மறைத்தேன். நீ போய்ச் சேர்ந்தும் இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது, இன்னும் மறைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். யாரிடமும் சொல்ல முடியாததால் உனக்கே எழுதுகிறேன். நீ இதற்குப் பதில் எழுத மாட்டாய் என்பது ஒரு வசதி.

அம்பத்தூர் எஸ்டேட்டில் அந்த ஏற்றுமதித் துணிக் கம்பெனியின் செக்கிங் மேஜையில்தான் நாம் முதலில் சண்டை போட்டோம். நீ பட்டன் பார்ப்பாய், நான் நூல் வெட்டுவேன். நான் வெட்டாமல் விட்ட நூல் ஒன்றை சூப்பர்வைசரிடம் தூக்கிக் காட்டினாய். மூன்று நாள் உன்னோடு பேசவில்லை. நாலாவது நாள் உன் டிபன் பாக்ஸைத் திறந்து என் பக்கம் தள்ளினாய், அதற்குப் பிறகு நமக்குள் சண்டை ஓய்ந்ததும் இல்லை, பேச்சு நின்றதும் இல்லை. முகப்பேர் ஹவுசிங் போர்டில் எதிரெதிர் பிளாக்கில் வீடு அமைந்தது கடவுள் செயல் என்று நீ சொன்னாய். எந்தக் கடவுள் என்று நான் கேட்டேன். நீ ஞாயிறு தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போகிறவள். நான் திருவேற்காட்டுக்காரி, அம்மன் கோயில் கூழ் குடித்து வளர்ந்தவள்.

இரண்டு பேருக்கும் கறி இல்லாமல் சோறு இறங்காது. அதனால் ஈஸ்டருக்கு முந்தின உன் தவக்காலம் நாற்பது நாளும் என் புரட்டாசி முப்பது நாளும் இரண்டு வீட்டுக்கும் சோதனைக் காலம். உன் நாற்பது நாளில் நானும் கறி எடுக்க மாட்டேன், என் முப்பது நாளில் நீயும் எடுக்க மாட்டாய். அப்போதெல்லாம் நீ பனீர் பொரித்து, மிளகும் சோம்பும் வறுத்து அரைத்த கறி மசாலாவிலேயே அதைப் போட்டுப் புரட்டி எடுப்பாய். "நாக்க ஏமாத்துறோம்டி, சாமிய இல்ல" என்பாய்.

கடைப் பனீரை நீ மதித்ததே இல்லை. இரண்டு லிட்டர் பாலைப் பொங்க வைத்து, அடுப்பை அணைத்து, தண்ணீர் கலந்த எலுமிச்சைச் சாற்றைக் கரண்டி கரண்டியாக விடுவாய். பால் உடைந்து இளம்பச்சைத் தண்ணீர் தனியே பிரியும்வரை அவசரப்பட மாட்டாய். வேட்டித் துணியில் வடித்து, புளிப்பு போகக் குளிர்ந்த தண்ணீரில் அலசி, முறுக்கிப் பிழிந்து, தட்டை மேலே கவிழ்த்துத் தண்ணீர் நிரப்பிய குக்கரைத் தூக்கி வைப்பாய். ஒரு மணி நேரம் கழித்து ஃபிரிட்ஜில். வெட்டிய துண்டுகளை ஒவ்வொன்றாகத் துணியில் ஒற்றி ஈரம் எடுப்பாய். ஈரத்தோடு எண்ணெயில் விழுந்தால் மூஞ்சியில் வெடிக்கும் என்று எனக்கு நூறு தடவை சொல்லியிருப்பாய்.

பொரிக்கும்போது நீ வாணலியைப் பார்க்கவே மாட்டாய். முதுகை அடுப்புக்குக் காட்டி, ஜன்னல் பக்கம் திரும்பி நின்று என்னோடு ஊர்க்கதை பேசுவாய். முதலில் பால் வாசனை வரும். அப்புறம் நெய் காய்ச்சுகிற மாதிரி ஒரு வாசனை. அது மாறி வேர்க்கடலை வறுபடும் வாசனை தொடங்கும் நேரத்தில் பேச்சை நிறுத்தாமலே திரும்பி, துண்டுகளை அள்ளி வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் போடுவாய். ஒன்றுகூடத் தீய்ந்து நான் பார்த்ததில்லை. எனக்குப் பொறாமையாக இருக்கும்.

அந்தப் பெரிய காய்ச்சல் வந்த காலத்தில் நம் காலனியில் பாதிப் பேருக்கு மூக்கு வேலை செய்யவில்லை. காபித்தூளை முகர்ந்து முகர்ந்து பார்த்துக்கொண்டு அலைந்தார்கள். எனக்கே பத்து நாள் எதுவும் தெரியவில்லை, பிறகு வந்துவிட்டது. உனக்கு அந்தச் சமயத்தில் இரண்டு நாள் சளி பிடித்தது, அவ்வளவுதான். டெஸ்ட்கூட எடுக்கவில்லை.

அடுத்த புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை நீ கொண்டுவந்து கொடுத்த பனீரை வாயில் வைக்க முடியவில்லை. கெட்டுப்போன பாலில் எடுத்திருந்தாய். பெருமாளுக்குத் தளிகை போடும் நாளில் இப்படி ஒன்றைக் கொண்டுவந்தாயே என்று வாசலிலேயே நிற்க வைத்துக் கத்தினேன். நீ திருப்பிக் கத்தவில்லை. பாத்திரத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டாய். நீ பதில் பேசாமல் போனது எனக்கு அன்றைக்கே உறைத்திருக்க வேண்டும். கோபம் கண்ணை மறைத்துவிட்டது.

தவக்காலம் வந்தது. முதல் வெள்ளிக்கிழமை உன் வீட்டுக்கு வந்தேன். நீ கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வாணலிக்கு மேலே குனிந்து, ஒவ்வொரு துண்டாகப் பார்த்துப் பார்த்துத் திருப்பிக்கொண்டிருந்தாய். அப்படி நீ நின்று நான் பார்த்ததே இல்லை. உன் பின்னால் ஜன்னலோரம், முந்தின தடவை பொரித்த துண்டுகள் கரியாகிக் கிடந்தன. படிக்கட்டு வரைக்கும் தீய்ந்த நாற்றம். உனக்கு மட்டும் அது தெரியவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, சாம்பிராணி டப்பாவைத் திறந்து உன் மூக்கடியில் நீட்டினேன். நீ என்னை வெறுமனே பார்த்தாய்.

"எத்தினி நாளாடி?" என்று கேட்டேன்.

"தெர்லடி. அந்தக் காய்ச்சல்ல போயிருக்கும். எல்லாருக்கும் வந்துச்சில்ல, எனக்கும் வந்துடும்" என்றாய்.

நானும் அதையே நம்பினேன். ஊருக்கே போனது, உனக்கும் போயிருக்கிறது, ஊருக்கே திரும்பி வந்தது, உனக்குக் கொஞ்சம் தாமதம். இதைவிடச் சுலபமான கணக்கு எது? டாக்டரிடம் காட்டலாமா என்று ஒரு தடவை கேட்டேன். மூக்குக்குப் போய் யாராவது டாக்டரைப் பார்ப்பார்களா என்று சிரித்தாய். நானும் சிரித்தேன்.

உனக்கு வேறு பயம் இருந்தது. உன் வீட்டுக்காரர் போனதிலிருந்து மகள் ஓசூருக்கு வந்துவிடச் சொல்லி நச்சரித்துக்கொண்டிருந்தாள். நீ முகப்பேரை விட்டு நகர மாட்டேன் என்று நின்றாய். "மூக்கு போச்சுன்னு தெரிஞ்சா என்னை அடுப்பாண்ட நிக்க வுடமாட்டா. கேஸ் கீஸ் லீக்காவும்னு சொல்லி இட்டுகினு பூடுவா. அந்த ஊர்ல எனக்கு யார் கீறாங்க? நீ வாயத் தொறக்காதே" என்றாய். சத்தியம் கேட்டாய். மாதா மேல் சத்தியம் என்றேன். ஒத்துக்கொள்ளவில்லை. "எங்க மாதா மேல பண்ணா உனுக்கு பயம் இருக்காது. உங்க அம்மன் மேல பண்ணு" என்றாய். பண்ணினேன்.

மறுநாளிலிருந்து நான் உனக்கு மூக்கானேன். காலை ஏழு மணிக்கு என் வீட்டு வாசலில் கோலம் போட்ட கையோடு எதிர் பிளாக்குக்கு வருவேன். நான் உள்ளே வந்து சமையலறையை முகர்ந்து பார்த்து, சரி என்று சொன்ன பிறகுதான் நீ தீப்பெட்டியைத் தொடுவாய். பால், தயிர், முந்தின நாள் குழம்பு, எல்லாவற்றையும் வரிசையாக எடுத்து நீட்டுவாய். "மூக்கம்மா வந்துட்டியா?" என்று கேலி வேறு. சாயங்காலம் போகும்போது ரெகுலேட்டரை நானே திருப்பி மூடிவிட்டுப் போவேன். டியூபைப் புதிதாக மாற்றினேன். வாரம் ஒருமுறை சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வருகிறதா என்று பார்ப்பேன். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு அந்தச் சிலிண்டரைக் காவல் காத்தேன். ஆபத்து என்றால் அது அந்தச் சிவப்புச் சிலிண்டரிலிருந்துதான் வரும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சில நாள் விடியற்காலையில் விழிப்பு வந்தால், உன் ஜன்னலில் எதுவும் எரியவில்லையே என்று பால்கனியில் வந்து பார்ப்பேன்.

பனீர் பொரிக்கும் நாட்களில் ஸ்டூலைப் போட்டு உன் பக்கத்தில் உட்காருவேன். நீ பழையபடி ஜன்னல் பக்கம் திரும்பி நின்று கதை பேசுவாய். நெய் வாசனை மாறும்போது நான் உன் புடவையைப் பிடித்து இழுப்பேன், நீ திரும்பி அள்ளுவாய். ஒரு துண்டும் தீயாது. எனக்கு அதில் பெருமை இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கடிதம் பொய்யாகிவிடும். நாலு பேர் வந்து உன் பனீரைப் புகழும்போது, இதில் பாதி என்னுடையது என்று உள்ளுக்குள் குளிர்ந்து போவேன். உனக்கு நான் இல்லாமல் முடியாது என்பது எனக்குப் பிடித்திருந்தது.

அடுத்த வருடக் கிறிஸ்துமஸுக்கு மகள் வந்தாள். நாம் இருவரும் சேர்ந்து அவளை ஏமாற்றியதை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது. சாப்பாட்டு மேஜையில் நான் மூக்கைச் சொறிந்தால் நல்ல வாசனை என்று அர்த்தம். உடனே நீ, ஆஹா வாசனை தூக்குதே என்பாய். அவள் பிரியாணிப் பாத்திரத்தைத் திறந்தபோது சொறிந்தேன், நீ சரியாகச் சொன்னாய். அவள் கொண்டுவந்த சென்ட்டை முகர்ந்து பார்க்கச் சொன்னபோதும் சொறிந்தேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, மல்லிப்பூ மாதிரி இருக்கு என்றாய். அது ரோஜா. அவள் சிரித்துவிட்டு விட்டுவிட்டாள்.

ஊருக்குக் கிளம்பும் முன் அவள் என்னைத் தனியாகப் படிக்கட்டுக்குக் கூப்பிட்டாள். "சித்தி, அம்மா ஏன் ஒரு மாதிரி இருக்காங்க? பேசினதையே பேசறாங்க. எதுலயும் ஒட்டாம இருக்காங்க" என்றாள். சிறு வயதிலிருந்தே அவளுக்கு நான் சித்திதான். உன் கூடப் பிறந்தவளிடம் கேட்கிற மாதிரிதான் அவள் கேட்டாள். எனக்கு அப்போதே கொஞ்சம் தெரிந்திருந்தது. காலையில் எழுந்ததும் தலைவலி என்று நீ நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்காருவதைப் பார்த்திருந்தேன். கதவு நிலையில் இடது தோளை இடித்துக்கொள்வதையும் பார்த்திருந்தேன். வயசாவுதுல்லம்மா, உங்கப்பா நெனப்பு வேற என்று சொல்லி அவளைப் பஸ் ஏற்றி அனுப்பினேன்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது, அல்லது நான் அப்போதுதான் கவனித்தேன். எலுமிச்சைச் சாறு விட்டுவிட்டு, உடைந்த பாலைப் பார்த்தபடி நின்றுவிடுவாய். அடுத்து என்ன செய்வது என்று நான் சொல்ல வேண்டியிருந்தது. குக்கரில் தண்ணீர் நிரப்பாமலே பனீர் மேல் வைத்தாய். ஒருநாள் துண்டுகளைத் துணியில் ஒற்றாமல் ஈரத்தோடு அப்படியே எண்ணெயில் கொட்டினாய். எனக்கு நூறு தடவை சொன்னவள் நீ. எண்ணெய் வெடித்து உன் மணிக்கட்டு வரை தெறித்தது. நான் அலறிக்கொண்டு எழுந்தேன். நீ கையை இழுத்துக்கொள்ளக்கூட இல்லை. கொப்புளம் எழும்புவதை யாருடைய கையையோ பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

அன்றைக்கு இரவு நான் தூங்கவில்லை. காலையில் வந்து, நாளைக்கே டாக்டரைப் பார்க்கிறோம் என்றேன். நீ அழுதாய். அவ்வளவு வருடத்தில் நீ அழுது இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன். "ஈஸ்டர் முடியட்டும்டி. அவ வருவா, நானே சொல்றேன். நீ சொல்லி அவளுக்குத் தெரியக் கூடாது" என்றாய். ஈஸ்டருக்கு மூன்று வாரம் இருந்தது. சரி என்றேன். கையில் கற்றாழை தடவி, பழைய துணியைச் சுற்றிவிட்டேன்.

ஈஸ்டர் வரை நீ தாங்கவில்லை. அதிலிருந்து இரண்டாவது வெள்ளிக்கிழமை பாலைத் துணியில் வடித்து முறுக்கிக்கொண்டிருந்தாய். நான் ஸ்டூலில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். என்னவோ சொல்ல வாயைத் திறந்தாய், வார்த்தை வரவில்லை. கை அப்படியே இறுகியது. துணிமூட்டையோடு சாய்ந்து விழுந்து, உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. பக்கத்து அடுப்பில் தாளிக்க வைத்த எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? தரையில் துடித்த உன்னைத் தாண்டிப் போய், முதலில் சிலிண்டரை மூடினேன். ரெகுலேட்டரைத் திருப்பி, சரியாக மூடியிருக்கிறதா என்று இரண்டாவது தடவை பார்த்துவிட்டுத்தான் உன்னிடம் திரும்பினேன். இரண்டு வருடப் பழக்கம் என் காலை அங்கே இழுத்துப் போயிருக்கிறது.

கீழ்வீட்டுக்காரர் காரில் பூந்தமல்லி நெடுஞ்சாலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மகள் சாயங்காலம் வந்து சேர்ந்தாள். டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். உன் நெற்றிக்குப் பின்னால், மூக்குக்கு நேர் மேலே, சாத்துக்குடி அளவுக்கு வெள்ளையாக ஒன்று உட்கார்ந்திருந்தது. மெதுவாக வளர்கிற கட்டி, பல வருடமாக இருந்திருக்கும், சின்னதாக இருந்தபோது வந்திருந்தால் எடுப்பது இவ்வளவு கஷ்டமாக இருக்காது என்றார். அந்த இடத்தில் வந்தால் முதலில் வாசனைதான் போகும் என்றும் சொன்னார். காய்ச்சல் கொண்டுபோனது என்று நாம் இருவரும் கைகழுவிவிட்ட அந்த மூக்குதான், உள்ளே என்னவோ இருக்கிறது என்று நமக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. நான் சிலிண்டரைக் காத்துக்கொண்டிருந்த இரண்டு வருடமும் அது உன் தலைக்குள் வளர்ந்துகொண்டிருந்தது.

"இவங்களுக்கு எப்போதிலிருந்து வாசனை தெரியல?" என்று டாக்டர் கேட்டார். மகள் விழித்தாள். வாசனை நன்றாகத் தெரியுமே, கிறிஸ்துமஸுக்குக்கூட என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, என் பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்குத் தெரியுமா சித்தி?"

"எனக்குத் தெரியாதும்மா" என்றேன்.

எவ்வளவு சுலபமாக வந்தது தெரியுமா அந்த வார்த்தை! டாக்டர் எழுதிக்கொண்டு போய்விட்டார். ஆபரேஷன் செய்தார்கள். நீ கண் விழிக்கவில்லை. ஒன்பதாம் நாள் விடிவதற்குள் போய்விட்டாய். உன் சமையலறையைச் சுத்தம் செய்யப் போனபோது, நீ முறுக்கிய அந்தத் துணி கழுவும் தொட்டியடியில் உலர்ந்து கல்லாகக் கிடந்தது. எடுத்துக் குப்பையில் போட்டேன்.

வருட நினைவுப் பூசையில் மகள் எல்லோர் முன்னாலும் என் கையைப் பிடித்துக்கொண்டு, அம்மாவைக் கடைசிவரை கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டது சித்திதான் என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

ஞாயிறுதோறும் பூசை முடிந்து எனக்குப் போன் செய்கிறாள். போன வாரம் வெகுநேரம் அழுதாள். "நான்தான் சித்தி அம்மாவைக் கவனிக்காம விட்டுட்டேன். கையப் புடிச்சு இழுத்துட்டு வந்திருக்கணும். கூடவே வெச்சிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றாள். தூக்கமில்லாமல் மாத்திரை போட்டுக்கொள்கிறாளாம். உன் மருமகன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீ என்னம்மா பண்ணுவே, யாருக்கு என்ன தெரியும், விதி என்று அவளைத் தேற்றினேன். நீங்க பேசினா மனசு லேசாகுது சித்தி என்றாள்.

அம்மன் மேல் சத்தியம் பண்ணியிருக்கிறேன், அதனால்தான் வாயைத் திறக்கவில்லை என்று இவ்வளவு நாளும் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். உன் உயிர் போன அன்றே அந்தச் சத்தியம் தீர்ந்துவிட்டது. எனக்குப் பெண் குழந்தை இல்லை. உண்மை தெரிந்த பிறகு அவள் என்னைக் கூப்பிட மாட்டாள். அந்தப் பயம்தான் என் வாயைக் கட்டியிருக்கிறது. நான் சுமக்க வேண்டியதை உன் மகள் சுமந்து வாடுகிறாள், அவளைத் தேற்றும் புண்ணியத்தையும் நானே வாங்கிக்கொள்கிறேன்.

நாளை ஞாயிற்றுக்கிழமை. பத்து மணிக்குப் போன் வரும். அவள் "சித்தி" என்பாள். நான் "சொல்லுடா கண்ணு" என்பேன்.